பத்துக் குற்றம் எங்கே போயிற்று?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்பு வரை தமிழ் படித்தவர்களுக்கு 'இலக்கிய நயம் பாராட்டுக' என்ற வினா மறக்காது. வினாத்தாளில் ஒரு பாடல் அச்சாகியிருக்கும். அதற்குத் திரண்ட கருத்து எழுதிவிட்டு, மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சந்தம், சுவை என்று தலைப்புப் போட்டு, பாடலிலிருந்து சொற்களைப் பொறுக்கி எடுத்து, ஒன்றி வரும் எழுத்தின் கீழ்க் கோடு கிழித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் கைவசம் ஒரு வாக்கியம் உண்டு. மோனைக்குக் 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை'. எதுகைக்கு 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை'. சந்தத்துக்கு 'சந்தம் தமிழுக்குச் சொந்தம்'. பெரும்பாலோர் வாழ்நாளில் எழுதும் முதல் திறனாய்வும் கடைசித் திறனாய்வும் இதுதான். கல்லூரியில் தமிழை முதன்மைப் பாடமாக எடுப்பவர்கள் இன்னொரு வகையையும் எழுதுவார்கள்: இன்னாரின் நாவல்களில் சமுதாயச் சிந்தனைகள், இன்னாரின் சிறுகதைகளில் பெண்ணியச் சிந்தனைகள். சினிமாவைப் பற்றி எழுதினாலும் சிற்பத்தைப் பற்றி எழுதினாலும் இந்த இரண்டு அச்சுகளில் ஒன்றில்தான் வார்ப்பார்கள். இவை இயந்திரத்தனமானவை என்ற குறை பழையது. அதில் பெரிய சாரமில்லை. எந்தப் பயிற்சியிலும் இயந்திரத்தனம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். உண்மையான கோளாறு வேறு. பள்ளிக் கட்டுரை வடிவத்தைப் பட்டியலிடுகிறது, கல்லூரிக் கட்டுரை கருத்தைப் பட்டியலிடுகிறது. இந்த வடிவம் இந்தக் கருத்தை என்ன செய்தது, நன்றாகச் செய்ததா சொதப்பியதா என்று கேட்கும் இடத்துக்கு இரண்டும் வந்து சேர்வதே இல்லை.

பள்ளி முறைக்குச் சேர வேண்டிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடலாம். ரசனை என்பது பெரும்பாலும் வீட்டுச் சொத்தாகக் கைமாறுவது. புத்தக அலமாரி உள்ள வீட்டில், பாட்டும் பேச்சும் புழங்கும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஒரு கவிதை நன்றாயிருக்கிறது என்று சொல்லத் தெரியும். ஏன் என்று கேட்டால் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசவும் தெரியும். திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி அப்படி ஓர் இடம். அங்கே கம்பனை அவர் சொல்லச் சொல்லக் கேட்டு ரசிக்கக் கற்றவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் வட்டத்தொட்டியை ஐம்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஓர் அரசுப் பள்ளி வகுப்பறைக்குக் கொண்டுபோக முடியாது. மோனையைக் கொண்டுபோக முடியும். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கும், தாசில்தார் மகனுக்கும் எதுகை ஒன்றேதான். இரண்டாம் எழுத்து ஒன்றியிருக்கிறதா இல்லையா என்பதில் யாருடைய செல்வாக்கும் செல்லாது. கண்டுபிடித்தவருக்கு மதிப்பெண் போட்டே ஆக வேண்டும். அதோடு, கவிதையின் கருத்தைத் தன் சொல்லில் சுருக்கிவிட்டு நகர்ந்துபோகும் சோம்பலை இந்த முறை அனுமதிப்பதில்லை. எழுத்தை எழுத்தாகப் பார்க்க வைக்கிறது. பல மொழிகளின் இலக்கிய வகுப்புகளில் பாடுபட்டுச் சொல்லித்தரும் ஒரு பழக்கம் இங்கே பதினைந்து வயதிலேயே கைக்கு வந்துவிடுகிறது. இது சின்ன ஆதாயமில்லை.

டி.கே.சி.யை இங்கே இழுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரசிகமணி என்ற பட்டத்தைக் கேட்டதும், எதையும் தலையாட்டி அனுபவிக்கும் மனிதர் என்று தோன்றலாம். அவரோ கம்பராமாயணப் பதிப்புகளில் இருந்த ஏராளமான பாடல்கள் கம்பனுடையவை அல்ல என்று தள்ளியவர். தமக்குச் சரியெனப் பட்டபடி சொற்களையும் மாற்றியவர். சுவடி ஆதாரமில்லாமல் காதை மட்டும் நம்பிப் பாட்டைத் திருத்துவது முறையல்ல என்று புலவர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. என்றாலும், இந்தப் பாட்டு அந்தப் பாட்டின் தரத்துக்கு வரவில்லை என்று சொல்லும் துணிவு அவருடைய ரசனைக்கு முதுகெலும்பாக இருந்தது. தேர்வறை நயத்துக்கும் டி.கே.சி.க்கும் உறவு உண்டென்றால், நாம் அவருடைய சிலாகிப்பை வாங்கிக்கொண்டு கறாரைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய இலக்கணங்களைப் பார்த்தால் இந்த இழப்பு இன்னும் தெளிவாகும். மாணவர்கள் பயன்படுத்தும் தலைப்புகள் எல்லாம் யாப்பிலிருந்தும் அணியிலக்கணத்திலிருந்தும் வந்தவை. தண்டியலங்காரம் முப்பத்தைந்து பொருளணிகளைச் சொல்வது பரவலாகத் தெரியும். அதே நூல் ஒன்பது வழுக்களையும் சொல்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. பவணந்தியின் நன்னூல் ஒரு நூலுக்கு இருக்க வேண்டிய பத்து அழகைச் சொல்லும்போது, இருக்கக் கூடாத பத்துக் குற்றத்தையும் கூடவே சொல்கிறது. கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று அந்தப் பட்டியல் போகிறது. நன்னூல் பேசுவது இலக்கண நூலைப் பற்றி, கவிதையைப் பற்றியல்ல என்று ஒருவர் மறுக்கலாம், சரிதான். கவிதைக்குத் தண்டியின் ஒன்பது வழு இருக்கிறது. ஆனால் நன்னூலின் பட்டியல் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதற்கு எந்தத் தமிழ்ப் படத்தையும் எடுத்துக்கொள்ளலாம். இடைவேளை வரை விறுவிறுப்பாகப் போய்ப் பிற்பாதியில் நொண்டும் படத்துக்கு 'சென்று தேய்ந்து இறுதல்' என்பதைவிடப் பொருத்தமான விமர்சனம் கிடையாது. கதைக்கு ஒட்டாமல் தனியே ஓடும் நகைச்சுவைப் பகுதி, மற்றொன்று விரித்தல். நாயகன் முதல் காட்சியில் பேசிய நியாயத்தைக் கடைசிக் காட்சியில் தானே உடைத்தால், மாறுகொளக் கூறல். அழகையும் குற்றத்தையும் சேர்த்தே எடைபோட்ட ஒரு மரபிலிருந்து பாடத்திட்டம் ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒற்றைத் தட்டில் எதை வைத்தாலும் எடை தெரியாது.

விளைவு என்ன? மோனை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் பாட்டு நன்றாயிருக்கிறது என்று நிறுவுவதும் ஒன்றாகிவிட்டன. தமிழில் மோனை கிடைக்காத இடம் அரிது. கட்சிச் சுவரொட்டியில் கிடைக்கும், ஜவுளிக்கடை விளம்பரத்தில் கிடைக்கும், கண்ணீர் அஞ்சலித் தட்டியிலும் கிடைக்கும். எல்லா இடத்திலும் கிடைப்பது எதற்கும் சான்றாகாது. தேர்வறை வாக்கியங்களில் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அணி நயத்துக்கு எழுதுவது: 'அணியற்ற கவிதை பணியற்ற வனிதை.' பணி என்பது இங்கே நகை. நகையில்லாத பெண் எப்படிச் சோபிக்க மாட்டாளோ அப்படி அணியில்லாத கவிதையும் சோபிக்காது என்பது பொருள். பதினாறு வயதுப் பெண் இதைத் தன் கையால் எழுதி மதிப்பெண் வாங்குகிறாள். இந்த வாக்கியத்தையே வினாத்தாளில் கொடுத்து நயம் பாராட்டச் சொன்னால் முழு மதிப்பெண் கிடைக்கும். இயைபு இருக்கிறது, உவமை இருக்கிறது, சந்தம் இருக்கிறது. வாக்கியம் என்ன சொல்கிறது, யாரை வைத்துச் சொல்கிறது, அது உண்மையா என்று கேட்க மட்டும் அந்தத் தலைப்புகளில் இடமில்லை. இத்தனைக்கும் அணி எதுவும் வேண்டாம் என்று நிமிர்ந்து நிற்கும் கவிதைகள் சங்க காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கின்றன.

அப்படி ஒன்று, பாரி மகளிர் பாடியதாகச் சொல்லப்படும் புறநானூற்று 112ஆம் பாட்டு. ஐந்தே அடி. போன மாதம் நிலவு காய்ந்தபோது தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது. இந்த மாதம் நிலவு காயும்போது குன்றையும் பிறர் கொண்டார்கள், தந்தையும் இல்லை. இவ்வளவுதான் செய்தி. தேர்வுத் தலைப்புகளை இதன்மேல் வைத்தால் சில ஒன்றல்கள் அகப்படும். அணிக்கு ஒன்றும் அகப்படாமல் 'இயல்பு நவிற்சி அணி' என்று எழுதிவிட்டு மாணவர் தப்பித்துக்கொள்வார். பாட்டின் சூட்சுமம் அங்கேயே நிற்கிறது. நிலவைச் சொல்லும் சொற்கள் இரண்டு இடத்திலும் அப்படியே இருக்கின்றன. சுட்டு மட்டும் 'அ'விலிருந்து 'இ'க்கு மாறுகிறது. வானத்தில் எதுவும் மாறவில்லை, கீழே எல்லாம் போய்விட்டது என்பதை அந்த ஓரெழுத்து மாற்றம் செய்து முடிக்கிறது. அழுகை என்ற சொல் இல்லை, உவமை இல்லை. உவமை தேடும் அளவுக்கு அந்தப் பெண்களுக்கு மூச்சில்லை. இன்னொன்று: பறம்பு என்ற அந்தக் குன்றைக் கொண்ட வேந்தர்களுக்கு வெற்றி முரசைச் சொல்லும் அடைமொழி வருகிறது. மேலோட்டமாக அது வழக்கமான புகழ்ச்சி. பழைய உரைகாரர் அதை அப்படி விடவில்லை. மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டும் வெல்ல முடியாமல் பாரியை வஞ்சனையால் கொன்றவர்களை வெற்றி முரசு வேந்தர் என்பது இகழ்ச்சிக் குறிப்பு என்று காட்டுகிறார். உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றோடு வந்த உரை அது. நயத்தைக் காட்டி, அது என்ன வேலை செய்கிறது என்றும் சொல்வது நமக்கு வெளியிலிருந்து இறக்குமதியாக வேண்டிய சரக்கல்ல என்பதற்கு அந்த ஒரு குறிப்பே போதும்.

நயம் என்ன வேலை செய்கிறது என்று தேர்விலும் கேட்கலாமே என்றால், ஆசிரியர்கள் தரும் மறுப்பு பலமானது. ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு ஒரு தாளுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். மோனை என்றால் சரி, தவறு என்று போடலாம். 'இந்த மோனை துக்கத்தைக் கூட்டுகிறது' என்ற விடைக்கு எத்தனை போடுவது? ஒருவர் மூன்று போடுவார், இன்னொருவர் ஒன்று போடுவார், மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று வழக்கு வளரும். நான் மேலே சொன்ன சமத்துவ ஆதாயமும் அதோடு கரையக்கூடும்; வளைத்து வளைத்து எழுதத் தெரிந்தவன் மறுபடி முன்னால் போய்விடுவான். இதை லேசாக ஒதுக்க முடியாது. ஆனால் கேட்கப்படும் மாற்றம் சிறியது. ஏழு தலைப்பையும் நிரப்புவதற்குப் பதிலாக மூன்றைக் காட்டிவிட்டு, அவற்றில் ஒன்று இந்தப் பாட்டில் இல்லாமற்போனால் என்ன குறையும் என்று மூன்று வரி எழுதச் சொல்லலாம். பாட்டின் எந்தச் சொல்லைச் சுட்டி விடை சொல்லப்பட்டிருக்கிறது என்பதைத் திருத்துபவர் பார்க்கலாம், அதுவும் சரிபார்க்கக்கூடியதுதான். நெடுவினாக்களுக்கு இப்போதே இந்த அளவு அகவயமாகத்தான் மதிப்பெண் விழுகிறது, அதற்காக நெடுவினாவை யாரும் ஒழிக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் மதிப்பெண் ஏறி இறங்கும். ஒரு தலைமுறை முழுக்கக் கோடு கிழித்துவிட்டுப் போவதைவிட அது மோசமில்லை.

கல்லூரிக்கு வந்தால் காட்சி தலைகீழாகிவிடுகிறது. பள்ளியில் பொருளை விட்டு எழுத்தை எண்ணியவர், இங்கே எழுத்தை விட்டுப் பொருளை எண்ணத் தொடங்குகிறார். ஆய்வேட்டின் அமைப்பே இதைச் சொல்லிவிடும். முதல் இயல் ஆசிரியரின் வாழ்வும் படைப்பும். பிறகு குடும்பம், சமுதாயம், பொருளாதாரம், பெண்கள் என்று இயல்கள். கடைசியில், முடிவுரைக்கு முன்னால், 'இலக்கிய உத்திகள்' அல்லது 'மொழிநடை' என்று ஓர் இயல். அதில் உவமை, பழமொழி, வட்டார வழக்கு ஆகியவை எடுத்துக்காட்டோடு அடுக்கப்பட்டிருக்கும். முந்தைய இயல்களில் சொன்ன சமுதாயத்துக்கும் இந்த உவமைகளுக்கும் போக்குவரத்து கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிமுறைகளில் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியதால் ஆய்வேடுகளின் எண்ணிக்கை குறையலாம். ஆனால் அந்த அச்சு இப்போது ஐ.எஸ்.பி.என். எண்ணோடு வரும் கருத்தரங்கக் கோவைகளில் நான்கு பக்கக் கட்டுரைகளாகச் சுகமாக வாழ்கிறது. ஆசிரியர் பெயரை மாற்றி, மேற்கோளை மாற்றிவிட்டால் ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையாகிவிடும்.

இதனால் என்ன கெடுகிறது என்பதைப் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையை வைத்துப் பார்க்கலாம். 1934இல் வந்த இரண்டு மூன்று பக்கக் கதை. ஜட்கா ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சி கேட்கிறான். மில்லில் வேலை பார்க்கும் அம்மாளு இருட்டுச் சந்தில் ஒருவனோடு ஒதுங்கி முக்கால் ரூபாய் கொண்டுவருகிறாள். மாணவர் கட்டுரையில் இது 'வறுமை', 'கற்பு' என்ற இரண்டு உட்தலைப்புகளின் கீழ் வரும். வறுமை கற்பை அழிக்கிறது என்று ஆசிரியர் கூறுகிறார் என்பது முடிவு. அந்த முடிவுக்குக் கதையே தேவையில்லை, ஒரு செய்தித்தாள் துணுக்குப் போதும். கதையில் நடப்பது வேறு. ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டியைப் போல ஒரு குரல் நம்மைக் கூப்பிட்டுச் சந்துகளைப் பெருமையோடு காட்டுகிறது. பெருமை அத்தனையும் கேலி. சந்து, குழாயடி, மில் என்று நிதானமாகப் பேசிக்கொண்டு வரும் குரல், அம்மாளு இருட்டுக்குள் போகும் இடத்தில் சிக்கனமாகிவிடுகிறது. அவள் தவித்தாள், அழுதாள் என்று நமக்குச் சொல்வதில்லை. இரக்கப்பட்டுவிட்டுப் புத்தகத்தை மூடும் வசதியை அது தரவில்லை. பிறகு கற்பைப் பற்றிக் கத்துகிறவர்களை நோக்கித் திரும்பி முகத்தில் அறைகிற மாதிரி முடிக்கிறது. இந்த முடிவு பிரசங்கமா? முதல் வரியிலிருந்தே குரல் நம்மை எதிரில் நிறுத்திப் பேசிக்கொண்டிருப்பதால், கடைசித் திருப்பம் எங்கிருந்தோ வந்து ஒட்டியதல்ல, அமைப்பிலேயே இருப்பது என்பது என் கணிப்பு. ஆனால் அதே அமைப்புக்கு ஒரு விலை உண்டு. அம்மாளு தனக்கென ஒரு மனம் இல்லாதவளாக, கற்புவாதிகளோடு கதைசொல்லி நடத்தும் வழக்கில் ஒரு சான்றுப் பொருளாகவே நிற்கிறாள். பெண்ணைப் பற்றிய கதையின் 'சமுதாயச் சிந்தனை' எதுவென்று தேடினால், அந்தக் குறையும் அதில் ஒரு பகுதி. அதைக் 'கற்பு' என்ற உட்தலைப்பு பிடிக்காது. குரல் யாருடையது என்ற கேள்விதான் பிடிக்கும்.

தீர்ப்புக்கும் அலசலுக்கும் இடையிலான இந்தப் பிரச்சினையை நவீன தமிழ் விமர்சனம் எப்போதோ சந்தித்துச் சண்டை போட்டு முடித்திருக்கிறது, பெரும்பாலும் கல்லூரிகளுக்கு வெளியே. க.நா. சுப்ரமண்யம் தீர்ப்புச் சொல்லுகிறவர். நல்ல நாவல் எது, நல்ல எழுத்தாளர் யார் என்று பட்டியல் போட்டவர். ஏன் என்று நிறுவுவதில் அவருக்குப் பொறுமை குறைவு. வாசகன் அவருடைய ருசியை நம்பித்தான் ஏற்க வேண்டும். சி.சு. செல்லப்பா நேர்மாறு. 1959 ஜனவரியில் தொடங்கி 119 இதழ் கொண்டுவந்த 'எழுத்து' பத்திரிகையில், ஒரு படைப்பை வரிவரியாகப் பிரித்துக் காட்டும் அலசல் விமர்சனத்தை வற்புறுத்தினார். சில சமயம் அவர் அலசுகிற அலசலில் கவிதையின் சாயமே போய்விடும் என்பதும் உண்மை. ஆனால் இருவரையும் சேர்த்துப் படித்த மாணவனுக்கு ஒன்று விளங்கும்: தீர்ப்பு இல்லாத அலசல் பிணப் பரிசோதனை, அலசல் இல்லாத தீர்ப்பு நாட்டாமை. நம் கல்லூரிக் கட்டுரைகள் இந்த இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதாக ஒரு மரபிலிருந்து, க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் வளர்த்த சமூகவியல் விமர்சனத்திலிருந்து, தலைப்புகளை மட்டும் கடன் வாங்கிக்கொண்டன.

இங்கேதான் கடுமையான ஆட்சேபம் எழும். சாதியும் பசியும் இவ்வளவு வெளிப்படையாக இருக்கிற நாட்டில் வடிவத்தைப் பற்றிப் பேசுவது சொகுசு. ஒரு தலித் மாணவர் தன் வாழ்க்கையை ஒரு நாவலில் அடையாளம் கண்டு எழுதும்போது, மொழிநடை எங்கே, உத்தி எங்கே என்று கேட்பது அவரை வாயடைக்கும் பழைய தந்திரம் என்பார்கள். அப்படி ஒரு தந்திரம் நடந்திருக்கிறது. 'இதெல்லாம் இலக்கியமா' என்ற கேள்வி பல நல்ல எழுத்துகளின் மேல் வீசப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு விடை வடிவத்தைக் கைவிடுவதல்ல. கைலாசபதியையே எடுத்துக்கொள்வோம். 1968இல் வெளிவந்த தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய அவருடைய ஆங்கில நூல், சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களையும் வாய்பாடுகளையும் ஆராய்ந்து, அவை வாய்மொழியாகப் பாடிய பாணர் மரபின் அடையாளம் என்று வாதிட்டது. அதன் முடிவைப் பின்னால் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள், அது வேறு. அவர் சமூகத்துக்குப் போன வழி அடைமொழியின் வழி என்பதுதான் கவனிக்க வேண்டியது. மார்க்சிய விமர்சகருக்கு வடிவம் சொகுசாகத் தோன்றவில்லை. சமூகம் பதிந்திருக்கும் இடமாகத் தோன்றியது. வடிவத்தைப் பார்க்காத சமுதாயக் கட்டுரையில் ஒரு மகத்தான நாவலும் ஒரு துண்டுப் பிரசுரமும் சரிசமமாகிவிடும், இரண்டிலும் 'சாதி ஒழிப்புச் சிந்தனை' இருக்கிறதல்லவா? அதனால் நஷ்டம் அந்த நாவலை எழுதியவருக்குத்தான்.

சினிமாவுக்கு வரும்போது இந்தக் குறை பகிரங்கமாகிவிடுகிறது, ஏனெனில் மாணவர்கள் படத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லிக் கதையையும் வசனத்தையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். 1952இல் வந்த 'பராசக்தி'யை எடுத்தால் நீதிமன்ற வசனம் பக்கம் பக்கமாக மேற்கோளாகும். அந்தக் காட்சியில் சினிமா கிட்டத்தட்ட நின்றுபோய் மேடைப் பேச்சு தொடங்குகிறது; அது பலவீனமா, அல்லது மேடையில் வளர்ந்த ஓர் இயக்கம் திரையரங்கை வேண்டுமென்றே மேடையாக்கிய சாமர்த்தியமா என்பது அருமையான கேள்வி. அதைக் கேட்பவர் குறைவு. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'திரைமொழி' பற்றி ஒரு பாடம் இருப்பது நல்ல அறிகுறி. காட்சித் துண்டுகளை வெட்டி ஒட்டுவதில் பொருள் எப்படிப் பிறக்கிறது என்று அது சொல்லிக்கொடுக்கிறது. சொல்லிக்கொடுத்ததை ஒரு படத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லும் பயிற்சிதான் பின்னால் வருவதில்லை.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) பற்றிய மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் 'சாதியக் கொடுமையைத் தோலுரிக்கிறது' என்ற வாக்கியத்தில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. படம் முடியும் சட்டகத்தைக் கவனிக்கலாம். நாயகன் பரியனும் அவனுடைய தோழி ஜோவின் தந்தையும் பேசி முடித்த பின் மேசையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் மிஞ்சுகின்றன. ஒன்றில் பால் தேநீர், ஒன்றில் கறுப்புத் தேநீர், நடுவே ஒரு பூ. தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை தெரிந்தவர்களுக்கு அந்தத் தம்ளர்கள் சும்மா இல்லை. ஒரே வகைக் கண்ணாடி, ஒரே மேசை; சமத்துவம் என்ற கோரிக்கை அங்கே பொருளாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது கலக்கவில்லை. வசனத்தில் வரும் நம்பிக்கையைவிடக் காட்சி எச்சரிக்கையாக இருக்கிறது. படத்தின் நேர்மை அங்கே இருக்கிறது என்பேன். அதே சட்டகம் படத்தின் குறையையும் காட்டிக்கொடுக்கிறது. நடுவில் கிடக்கும் பூ ஜோதான். தன் வீட்டார் பரியனுக்குச் செய்தது எதுவும் தெரியாதவளாகப் படம் முழுவதும் வைத்திருக்கப்பட்டவள், கடைசியிலும் இரண்டு ஆண்களின் உரையாடலுக்கு நடுவே அழகாக வைக்கப்படுகிறாள். அவளுடைய வெகுளித்தனம் கதைக்குத் தேவைப்படுகிறது. அந்தத் தேவைக்காக அவளுக்கு அறிவு மறுக்கப்படுகிறது. ஒரே பிம்பத்தில் பலமும் பலவீனமும் இப்படிப் பின்னியிருப்பதைக் 'கருத்து' என்ற தலைப்பின் கீழ் எழுத வழியில்லை. இப்படிப்பட்ட படத்தைக் குறை சொன்னால் அதன் எதிரிகளுக்குத் தீனி போட்டதாகாதா என்று கேட்பார்கள். கைதட்டல் மட்டுமே கிடைக்கும் படைப்பாளியை நாம் சமமாக நடத்தவில்லை என்பதுதான் என் பதில்; மற்ற இயக்குநர்களுக்கு வைக்கும் அளவுகோலை அவருக்கும் வைப்பதே மரியாதை.

கலை பற்றிய கட்டுரைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அரசன் பெயர், ஆண்டு, உயரம், கல்லின் எடை, வியப்புக்குறி, இவ்வளவுதான். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா பகீரதன் தவமா என்ற சர்ச்சையைக் குறிப்பிட்டுவிட்டால் ஆய்வு முடிந்தது. அதே பாறையில், ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்கும் முனிவரைப் போலவே ஒரு பூனை தவம் செய்கிறது, காலடியில் எலிகள். தவத்தைப் போற்றும் சிற்பத்துக்குள்ளேயே தவ வேடத்தைக் கேலி செய்ய ஒரு சிற்பிக்கு இடம் கிடைத்திருக்கிறது. மேலே உள்ள முனிவரையும் கீழே உள்ள போலியையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்க்கும் மாணவருக்குப் பல்லவர் காலச் சமயத்தைப் பற்றிக் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிடும். விமானத்தின் உயரத்தை மனப்பாடம் செய்தவருக்கு அது கிடைக்காது.

இளம் வயதில் முதலில் ரசிக்கக் கற்கட்டும், குறை சொல்வது பிறகு தானே வரும் என்பது இன்னொரு சமாதானம். அது பிறகு வருவதில்லை, முன்பே வந்துவிட்டது. படம் பார்த்துவிட்டு வரும் பத்தாம் வகுப்புப் பையன்கள் பேருந்து நிறுத்தத்தில் பேசுவதைக் கேட்டால் போதும். பின்னணி இசை காதைக் கிழித்தது, வில்லன் ஏன் திருந்தினான் என்று புரியவில்லை, இந்தக் காட்சியை அந்தப் படத்திலிருந்து சுட்டுவிட்டார்கள் என்று காரணத்தோடுதான் பேசுகிறார்கள். ஒப்பீடு இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, சான்றும் அரைகுறையாக இருக்கிறது. வகுப்புக்குள் நுழைந்ததும் அதையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே கேட்கப்படுவது அதுவல்ல.

ஏன் கேட்கப்படுவதில்லை என்பதற்குத் தேர்வு நிர்வாகம் மட்டும் காரணமல்ல. பாடநூலில் இடம்பெறும் கவிஞர்களில் சிலர் இயக்கங்களின் தலைவர்கள், சிலர் சமயங்களின் அடியார்கள், சிலர் இன்னும் உயிரோடு இருப்பவர்கள். யார் பாட்டு உள்ளே வந்தது, யார் பாட்டு வெளியே போயிற்று என்பதற்கு அறிக்கைகளும் கண்டனங்களும் வருகிற மாநிலம் இது. 'இந்தப் பாட்டின் மூன்றாம் அடி ஓசைக்காகச் சேர்த்தது, பொருளுக்கு ஒன்றும் செய்யவில்லை' என்று ஒரு மாணவி எழுதினால், அது சரியா தவறா என்பதற்கு முன், அதற்கு மதிப்பெண் போட்டது யார் என்ற கேள்வி வரும். பாராட்டச் சொல்வதில் இந்த ஆபத்து இல்லை. ஆகவே மாற்றத்தைப் பொதுத்தேர்விலிருந்து தொடங்குவது நடக்கிற காரியமில்லை. தன்னாட்சிக் கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக் கட்டுரைகளுக்கு வினா அமைப்பவர் அதே துறை ஆசிரியர். ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருப்பார்கள். யார் எழுதியது என்று சொல்லாமல் இரண்டு கவிதைகளைக் கொடுத்து, எது மேலானது, எந்தச் சொல்லை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்க அவருக்கு எந்த அரசாணையும் தேவையில்லை. ஒருவர் முதல் கவிதையைத் தேர்ந்து நன்றாக வாதிடுவார், இன்னொருவர் இரண்டாவதைத் தேர்ந்து அதே அளவு நன்றாக வாதிடுவார். இருவருக்கும் ஒரே மதிப்பெண் போட ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும்.